சுருக்காத தேர்ப் படம்

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி உரிமையாளர்களுக்கென்று வரும் மாத மின்னிதழைத் தயாரிப்பவர் சௌந்திரம். கல்யாணம், காதுகுத்து, தேர் என்று பக்கத்துக்குப் பக்கம் படங்கள். எல்லோருக்கும் அனுப்புமுன், சத்தீஸ்கர் காட்டில் ரிக் வண்டியோடு கிடக்கும் மகன் தீனதயாளனுக்கு அனுப்பிப் பார்ப்பார். அங்கே திறந்துவிட்டால் எங்கேயும் திறக்கும்.

திறந்ததே இல்லை. அங்கே பேச்சு கேட்கும், படம் இறங்காது. உடனே கூப்பிடுவான். அவர் படங்களைச் சுருக்கி முடிக்கும்வரை சோறு, சளி, மழை என்று பேச்சு ஓடும். மற்றபடி சௌந்திரத்தின் வீட்டில் போன் அடிப்பதில்லை.

பிறகு புது மென்பொருள் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரே அமுக்கில் இதழ் பஞ்சாய் லேசாகிவிட்டது. அந்த மாதம் மகனிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. நல்ல மென்பொருள், நாசமாய்ப் போக.

அடுத்த மாதம் சுருக்கிய இதழைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, தேர்ப் படத்தைச் சுருக்காமல் வைத்த இன்னொன்றை மகனுக்கு அனுப்பினார். போன் அடித்தது.

“மறுக்காவும் தொறக்க மாட்டேங்குதுங்கம்மா. பைல் பெருசாட்ட இருக்குது.”

“அப்படியா சாமி? லைன்லயே இரு. ஒவ்வொரு படமாச் சுருக்கறேன்.”