மைக் ஏற்றாத கச்சேரி

போடியில் ஒரு கல்யாண வரவேற்பு. மைக்செட்காரர் மேடைப் படியேறி வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் குனிந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "அண்ணே, டியூன் பண்ணி முடிச்சிட்டீகளா? முடிச்சிட்டா சொல்லுங்க, மைக்க ஏத்தி விடுறேன்." நாங்கள் அப்போது வாசித்தே முடித்திருந்தோம். அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, அவ்வளவு நன்றாக நாங்கள் வாசித்ததில்லை. என்னிடம் விட்டிருந்தால் கிட்டாரை அந்த மனிதர் தலையிலேயே போட்டிருப்பேன். பக்கத்து நாற்காலியில் இருந்த டீமேக்கர் முந்திக்கொண்டார். "இல்ல சேட்டா, இன்னும் கொஞ்சம் உண்டு" என்று தன் மலையாளம் கலந்த தமிழில் சொல்லிவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

டீமேக்கர் என்பது அவர் பார்த்த வேலை. மேகமலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. மோட்டாரும் ஒயரும் பெல்ட்டும் விற்கும் என் சின்னமனூர்க் கடைக்கு பெல்ட் வாங்க வந்தவர், கல்லாவுக்குப் பின்னால் சாய்ந்திருந்த கிட்டாரைப் பார்த்ததும் வந்த காரியத்தை மறந்துவிட்டார். அது நான் ஞாயிறு ஆராதனையில் வாசிப்பதற்காக வைத்திருந்தது. எங்கள் பாடகர் குழுவில் பாட்டில் இல்லாத ஒரு சுரத்தைத் தொட்டாலும் குழுத் தலைவர் திரும்பி முறைப்பார். டீமேக்கருக்கோ பாட்டைத் தாண்டிய பிறகுதான் இசையே ஆரம்பம். என் வயதுதான் அவருக்கும். நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவருக்கு நான் 'கடைக்காரர்'. ஞாயிற்றுக்கிழமை மலையில் அவருக்கு விடுமுறை, கீழே என் கடைக்கும் விடுமுறை. ஆராதனை முடிந்து வந்து ஷட்டரைப் பாதி தூக்கி வைப்பேன். ஒயர் சுருள்களுக்கு நடுவே இரண்டு ஸ்டூல் போட்டு உட்காருவோம்.

இரண்டே கிட்டார்கள் பேசிக்கொள்ளும் ஜாஸ் இசையை நான் முதலில் கேட்டது அவர் போனில்தான். ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டோம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. யாரோ பாதிப் பேச்சில் நிறுத்தி, வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல் வேறொன்றைத் தொடங்குவதுபோல் இருந்தது. "என்னங்க, மறந்து மறந்து வாசிக்கிறாக?" என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அந்தப் பதிவில் ஒரு கிட்டார் இடது காதிலும் இன்னொன்று வலது காதிலுமாக இருந்தது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. பிறகு நான் மட்டும் இரண்டு காதிலும் மாட்டிக் கேட்டேன். முதல் ஆள் எதையும் மறக்கவில்லை, அடுத்தவர் சொல்வதைக் கேட்பதற்காகத்தான் நிறுத்தியிருந்தார். இன்று எத்தனையோ பேர் இப்படி ஜோடியாக வாசிப்பதைக் கேட்கிறேன். கைவேகத்தைப் பார்த்து எனக்கு மயக்கம் வருவதில்லை. ஒருவர் முடிக்காமல் விட்டதை மற்றவர் எடுத்து வேறு பக்கம் கொண்டுபோகிற இடம் வருமே, அதற்காகத்தான் காத்திருப்பேன்.

அப்படி ஒரு இடம் எங்களுக்கும் வாய்த்தது, அந்த வரவேற்பில். மணமக்கள் மேடைக்கு வரும்வரை ஏதாவது வாசியுங்கள் என்று பெண்ணின் அப்பா, ஏலக்காய் வியாபாரியான என் மாமா, சொல்லியிருந்தார். பெண்ணுக்கு அலங்காரம் முடிகிற வழியாகத் தெரியவில்லை. வெளியே ஜெனரேட்டர் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. டீமேக்கர் அந்த உறுமலையே சுருதியாக வைத்துக்கொண்டு மெதுவாகத் தொடங்கினார். நான் பின்னால் போனேன். போன கொஞ்ச நேரத்திலேயே என் விரல் தவறான சுரத்தில் விழுந்தது. சர்ச்சாக இருந்திருந்தால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் போயிருக்கும். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தத் தவறான சுரத்தையே தானும் ஒருமுறை தொட்டார். இன்னொரு முறை, இன்னும் அழுத்தி. பிறகு இதுதான் வழி என்பதுபோல அதன்மேலேயே நடக்க ஆரம்பித்தார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். அதன்பின் யார் முன்னால், யார் பின்னால் என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை. கூட்டம் பந்திக்கு இடம்பிடிக்கப் போவதும் வருவதுமாக இருந்தது. பாட்டு என்றால் தெரிந்த பல்லவியோடு ஆரம்பிக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு, ஆகவே மைக்செட்காரர் கையைக் கட்டிக்கொண்டு எங்களுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்.

யாரும் பதிவு செய்யவில்லை. திரும்ப வாசிக்கவும் முடியாது, எழுதிவைத்து வாசித்ததா என்ன? கடையில் பலமுறை முயன்று பார்த்து, ஒவ்வொரு முறையும் வேறெங்கோ போய்ச் சேர்ந்தோம். "போட்டும் கடைக்காரரே, நம்ம ரெண்டு பேரும் கேட்டோமில்ல, அது போதும்" என்பார் டீமேக்கர்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் தோட்டத்து ஜீப் டிரைவர் கடை வாசலில் வந்து நின்றார். பெல்ட் வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்து, என்ன சைஸ் என்று கேட்டேன். "டீமேக்கர் சார் போயிட்டாகண்ணே. காலைல நெஞ்சு வலின்னாக, அவ்வளவுதான்" என்றார். அவரைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோன வண்டி சின்னமனூர் வழியாகத்தான் கம்பம் ரோட்டில் போயிற்று. கடை வாசலில் நின்று பார்த்தேன். வண்டி நிற்கவில்லை, யாரிடம் சொல்லி நிறுத்துவது? துக்கம் கேட்க என்னிடம் ஒருவரும் வரவில்லை. வருவதற்கு அவர் எனக்கு என்ன உறவு? அன்று மேடையில் வாசித்ததைக் கேட்டவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். இப்போது நான் ஒருவன். நானும் இல்லாவிட்டால் அது நடந்தது என்று சொல்லவே ஆளில்லை.

இப்போதும் ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி தூக்கி வைக்கிறேன். பழக்கத்தில் இரண்டு ஸ்டூலையும் போட்டுவிடுகிறேன். போன வாரம் வாசித்துக்கொண்டிருந்தபோது அதே தவறான சுரத்தில் விரல் விழுந்தது. கையை நிறுத்தினேன். எடுத்துக்கொள்ள ஆளில்லை. நானே ஒருமுறை தொட்டுப் பார்த்தேன், இன்னும் அழுத்தித் தொட்டேன். அது வெறும் தவறாகவே கேட்டது. மறுபடியும் நிறுத்தி, அவருக்கு விட வேண்டிய நேரத்தை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எதிரிலுள்ள மருந்துக் கடைக்காரர் குனிந்து ஷட்டருக்கு அடியில் தலையை நீட்டினார். "என்னண்ணே, ரொம்ப நேரமா டியூனே பண்ணிக்கிட்டு இருக்கீக? பாட்டு எப்பத்தான் ஆரம்பிக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னும் கொஞ்சம் உண்டு" என்றேன்.