ஒருவருக்கு மட்டும் வலிக்காத தோள்

எங்கள் சின்னக் காஞ்சிபுரத்தில் பாச்சாவிடம் யாராவது உத்தியோகத்தை விசாரித்தால், கூட்டுறவு வங்கியில் காசாளர் என்று சொல்ல மாட்டார். "முன் தண்டு" என்பார். பெருமாள் வீதிக்கு எழுந்தருளும்போது வாகனத்தை நீளத் தண்டுகளில் பூட்டித் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளில் அவர் முன்வரிசை. அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு எரிச்சல்கூட வந்ததுண்டு.

வயது ஐம்பதைத் தாண்டியதும் சிக்கல் வந்தது. சுமக்கிற அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் தோளும் கெண்டைக்காலும் இறுகிவிடும். போன வருஷம் உற்சவத்தின் இரண்டாம் நாள் மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினார். தாங்கிகளின் தலைவர் தேசிகாச்சாரி அதைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் ஒத்திகையில பாத்துட்டுச் சொல்றேன். முடியலேன்னா நீ குடை பிடிச்சுக்கோ" என்றார். குடையும் கைங்கர்யம்தான். ஆனால் பாச்சாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் ஒத்திகைக்கு ஒரு மாதம் முன்பு, சென்னையிலிருந்து மருமான் ஹர்ஷவர்தன் ஒரு டப்பாவோடு வந்தான். ஜிம்முக்குப் போகிற பையன்.

"மாமா, இது குர்குமின். மஞ்சளோட சாரம், மிளகுச் சாரமும் சேத்திருக்கா. ஹெவியா எக்ஸர்சைஸ் பண்ணா ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ் வரும். இது குறைக்கும்."

"எனக்கென்னடா ஸ்ட்ரெஸ்? ஆடிட் வர்ற மாசம் தவிர நிம்மதியாத்தான் இருக்கேன்."

வத்ஸலா சிரித்தாள். பாச்சாவின் மனைவி, பள்ளியில் வேதியியல் ஆசிரியை. "ஏன்னா, இது மனசுல வர்றது இல்லை. மூச்சு வாங்க உழைச்சா உடம்புக்குள்ள சில மூலக்கூறு எக்கச்சக்கமா உண்டாகித் தசையைப் பதம் பாக்கும். மஞ்சள் அதைக் கொஞ்சம் அடக்கலாம். ஆரோக்கியமா இருக்கறவாளுக்குக் குடுத்தே பாத்திருக்கா. சில ஆராய்ச்சியில குறைஞ்சிருக்கு. சிலதுல பெரிசா ஒண்ணும் தெரியலை."

'குறைஞ்சிருக்கு' மட்டும்தான் பாச்சாவின் காதில் விழுந்தது. டப்பாவில் சைவப் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, அன்றே விழுங்க ஆரம்பித்தார். கூடவே தினமும் நடை, தோளில் அரிசி மூட்டை. மாத்திரையா பழக்கமா என்று யார் கண்டது, வலி நிஜமாகவே குறைந்தது.

ஒத்திகை என்றால், வாகனத்துக்குப் பதில் தண்டு பூட்டிய மரச்சட்டத்தில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அடுத்தடுத்த நாட்கள் மாட வீதியைச் சுற்றுவது. முதல் நாள் எல்லோரும் சிங்கம். இரண்டாம் நாள் எல்லோரும் முனகிக்கொண்டு வந்தார்கள், பாச்சா மட்டும் மாப்பிள்ளை மாதிரி வந்தார். தண்டு தோளில் ஏறியதும் வீறுநடை போட்டார். தெற்கு மாட வீதி திரும்பும்போது சட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்து, ஒரு மூட்டை விழுந்து கிழிந்து, தேசிகாச்சாரியின் காலெல்லாம் மணல்.

"பாச்சா, தனியா எங்க ஓடறே?"

"எனக்கு வலிக்கவே இல்லை ஸ்வாமி!"

"அதான் தப்பு! மத்தவா எல்லாருக்கும் வலிக்கறது, அதனால சின்ன அடியா வைக்கறா. நீ ஒருத்தன் மட்டும் நேத்தி அடியையே வச்சா பெருமாள் சாஞ்சுடுவார். நாளைக்கு இன்னொரு தரம் பாக்கறேன். அடி சேரலேன்னா குடைதான்."

பாச்சா வீட்டுக்கு வந்ததும் டப்பாவைப் பரண்மேல் போட்டார். "ஒருநாள் நிறுத்தினா வலி வந்துடுமா என்ன?" என்றாள் வத்ஸலா. அவருக்கும் அதே பயம். சாயங்காலம் முழுக்க அரிசி மூட்டையைச் சுமந்து மாடிப்படியில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். வலியைக் கூப்பிட இவ்வளவு பாடுபட்ட மனுஷரை நான் பார்த்ததில்லை. எரிச்சலெல்லாம் போய், பாவமாக இருந்தது. குடையைக் கையில் கொடுத்தால் இந்த ஆள் உடைந்துபோவார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை நண்டு நடையில் போய் முன் தண்டுக்குத் தோள் கொடுத்தார். அவர் ஒரு அடி வைக்க, பின்னால் எல்லோரும் அதே அடி வைத்தார்கள். மூட்டைகள் அசையாமல் நான்கு வீதியும் சுற்றி வந்தன.

"இந்த வருஷமும் முன் தண்டு நீதான்" என்றார் தேசிகாச்சாரி. பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்து, "ரொம்ப வலிக்கறதா?" என்று கேட்டார்.

"உயிர் போறது ஸ்வாமி!" என்றார் பாச்சா, வாயெல்லாம் பல்லாக.