சுவரில்லாத ஹோல்

எங்கள் வீட்டு ஹோலுக்கும் சமைக்கிற குசினிக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. படுக்கையறை வாசலில் தொடங்கிச் சாமியறை வாசல்வரை போகும். அதை இடிக்கச் சொன்னவள் நான். மகன் கேட்டான், அதனால் செய்தோம் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மையல்ல.

கனடாவிலிருக்கும் மகன் வட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பினான். சாம்பல் நிற அலுமாரிகள், கைபிடி இல்லை, அழுத்தினால் திறக்குமாம். சீலிங்குக்குள் ஒளிந்திருக்கும் லைற். தரையில் முகம் பார்க்கலாம் போல ரைல்ஸ்.

"அம்மா, இப்ப ஒருத்தரும் நடுவிலை சுவர் வைக்கிறேல்லை. ஹோல், சாப்பாட்டு மேசை, குசினி எல்லாம் ஒண்டுதான். ஓப்பின் பிளான். உங்கடை வீடு இருட்டுக் குகை மாதிரியெல்லோ கிடக்கு."

எனக்கும் ஆசை வந்தது. இணுவிலில் எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று வீடுகள் அப்படி மாறிவிட்டன. போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என் குசினிக்குள் நுழையவே மனம் வராது. முப்பது வருடம் அந்த மூலைக்குள் புகை குடித்தவள் நான்.

என்றாலும் சாமியறையில் கைவைப்பது சின்ன விஷயமா? முருகன் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன். வெள்ளைதான் வந்தது. கும்பிட்டுவிட்டு, சந்தோசமாக வீட்டுக்கு வந்து மேசனுக்குச் சொல்லியனுப்பினேன்.

முருகனைக் கேட்டேன். வீட்டிலிருக்கும் மனிசனைக் கேட்கவில்லை.

என் கணவருக்குச் சீனி வருத்தத்தில், அதுதான் நீரிழிவில், கண் போய் ஆறு வருடம். கண் போனபிறகும் விடிய ஐந்து மணிக்கு, கோயில் மணி கேட்டதும் எழும்புவார். முகம் கழுவி, வேட்டி மாற்றி, அறை வாசலில் நின்று இடக்கையை நீட்டுவார். கை சுவரில் படும். அப்படியே தடவிக்கொண்டு பதின்மூன்று அடி வைத்துச் சாமியறைக்குள் போவார். விளக்குக் கொளுத்த மட்டும் என்னைக் கூப்பிடுவார். பூ வைப்பது, தேவாரம் பாடுவது, திருநீறு பூசுவது எல்லாம் அவர்தான். மற்ற எல்லாவற்றுக்கும் என் கையைப் பார்த்திருக்கும் மனிசன், அந்த ஒரு வேலையைத் தன் பாட்டில் செய்தார். அவர் கை பட்டுப் பட்டு, சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கறுத்த கோடு விழுந்திருந்தது. தைப்பொங்கலுக்கு வெள்ளை அடித்தாலும் மாசிக்குள் திரும்ப வந்துவிடும். எனக்கு அந்தக் கோடு அருவருப்பாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

சுவர் இடிக்கப்போவதை அவருக்குச் சொன்னபோது எல்லாம் பேசி முடிந்திருந்தது.

"பாக்கிற ஆக்கள் நீங்கள். உங்களுக்கு வடிவாயிருந்தால் சரிதானே" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "எனக்கு எந்த வீடும் ஒரே நிறந்தான்" என்றார்.

நானும் சிரித்தேன்.

வேலை நடந்த இரண்டு மாதமும் என் தங்கை வீட்டில் இருந்தோம். சாமியறையும் போய், அந்த மூலையில் சாமிக்கு ஒரு அலுமாரி வந்திருந்தது. திரும்பி வந்த முதல் நாள் விடிய அவர் அறை வாசலில் நின்று இடக்கையை நீட்டினார். கை வெறும் காற்றில் நின்றது. இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

"இஞ்சாரும், சுவர் எங்கை?"

"அதைத்தானேயப்பா இடிச்சது."

"ஓமோம். மறந்துபோனன்."

நாலு அடி வைத்தார். குசினிக்கு நடுவில் புதிதாகக் கட்டியிருந்த மேடையில் இடித்துக்கொண்டார். "இப்ப நான் குசினிக்கையோ நிக்கிறன், ஹோலுக்கையோ?" என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதானே இப்போது. அந்தப் பெரிய இடத்தில் குரல் எதிரொலித்தது. நான் எந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிறேன் என்பதுகூட அவருக்குப் பிடிபடவில்லை.

அதன்பிறகு நான் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டேன். நாலைந்து நாள் வந்தார். பிறகு, "நீரே கும்பிட்டிட்டு வாரும், நான் கட்டிலிலை இருந்து கும்பிடுறன்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. மாட்டுக்கு வாங்கி வைத்த நீல நைலோன் கயிறு ஒன்று கிடந்தது. அறைக் கதவின் கொண்டியில் ஒரு நுனியையும், சாமி அலுமாரிக்குப் பக்கத்திலுள்ள யன்னல் கம்பியில் மற்ற நுனியையும் இறுக்கிக் கட்டினேன். அவர் பிடித்துப் பார்த்தார். "மாடாக்கிப் போட்டீர்" என்றார். ஆனால் முகம் மலர்ந்தது. அடுத்த நாள் மணி கேட்டதும் தானே போய்ப் பூ வைத்தார்.

மகன் போனில் அதைக் கண்டான்.

"அம்மா, உதென்ன கொடி? ஹோலுக்கையோ உடுப்புக் காயப்போடுறியள்?"

"அப்பா பிடிச்சு நடக்க."

"ஐயோ, நான் வந்து வடிவா ஒரு கம்பி போட்டுத் தாறன். வீட்டின்ரை லுக்கே போச்சு" என்றான். கெட்ட பிள்ளையில்லை. அங்கே இருந்துகொண்டு படத்தில்தானே எங்களைப் பார்க்கிறான்.

பிறகு மருமகளின் தாய் தகப்பன் உடுப்பிட்டியிலிருந்து வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அன்று மத்தியானம் நான் கயிற்றை அவிழ்த்தேன். சம்பந்தி வீட்டார் முன்னால் வெட்கமாக இருந்தது. சுருட்டி, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தேன்.

அவர்கள் வந்து, அலுமாரிகளை அழுத்தி அழுத்தித் திறந்து பார்த்தார்கள். "கொழும்பு ஹோட்டல் தோத்துப்போகுமண்ணை" என்று சம்பந்தி இவரிடம் சொன்னார். "அப்ப எனக்கு ரூம் எத்தினையாம் நம்பர்?" என்று இவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் போக, கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, களைப்பில் படுத்துவிட்டேன். கயிறு லாச்சிக்குள்தான்.

விடிய நான் முற்றத்துச் செடியில் பூ ஆய்ந்துகொண்டு நின்றேன். மணி அடித்தது. உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார்.

"இஞ்சாரும், கயிறைக் காணேல்லை."

"நில்லுங்கோ, வாறன்."

தட்டு நிரம்ப இன்னும் நாலைந்து பூ வேண்டியிருந்தது. சாமிக்குத்தானே என்று ஆய்ந்தேன். அவர் இன்னொருமுறை கூப்பிட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பிறகு விழுந்த சத்தம் கேட்டது.

புது ரைல்ஸில் சரிந்து கிடந்தார். கால் ஒரு பக்கம் திரும்பிப்போயிருந்தது. பெரியாஸ்பத்திரியில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்றார்கள். சீனியும் நெஞ்சு வருத்தமும் இருப்பதால் ஒப்பரேசன் செய்ய ஏலாது, இனி எழும்பி நடக்கமாட்டார் என்றார்கள்.

மகனுக்கு, பாத்ரூமில் தண்ணியில் வழுக்கி விழுந்தார் என்று சொன்னேன். அவர் பக்கத்தில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தார். போனைத் தாரும் என்று கையை நீட்டினார். எனக்கு உயிர் போய் வந்தது.

"ஓம் தம்பி, பாத்ரூமிலைதான். கொம்மா கவனமா இருக்கச் சொன்னவ, நான்தான் கேக்கேல்லை" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவேயில்லை. ஏசினால் அழுதுவிட்டுப் போவேன். ஏசவும் இல்லை.

இப்போது கட்டில் ஹோலில் இருக்கிறது. சாமி அலுமாரி நேரே ஆறேழு அடியில். நான் கதவைத் திறந்து, விளக்குக் கொளுத்தி, பூ வைத்துவிட்டு, திருநீற்றுத் தட்டுடன் கட்டிலடிக்கு வருவேன். நெற்றியில் பூசக் கையைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"தட்டை இஞ்சை தாரும்" என்பார்.

படுத்தபடி தானே அள்ளிப் பூசுவார். பாதி தலையணையில் கொட்டும், கொஞ்சம் கண்ணுக்குள் விழும். துடைக்க விடமாட்டார்.