காருக்குக் கேட்கும்

என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிறார் பாலேந்திரா அண்ணை. சிவப்புத் தபால் பெட்டியைத் தாண்டி, மூலையிலுள்ள லோண்டரியையும் தாண்டிய பிறகுதான் பிடியை விடுகிறார். திரும்பிப் பார்க்கிறார். வீட்டு வாசலில் நிற்கும் அவருடைய பச்சைக் கார் இங்கிருந்து தெரியாது. இனிப் பேசலாம்.

"கிளச் போகப்போகுது, தம்பி," என்கிறார் ரகசியக் குரலில். "அதுக்குக் கேக்கச் சொன்னால் மனம் விட்டிடும். பிறகு பிறேக்கும் சேர்ந்து போகும்."

இதைச் சிரிக்காமல் சொல்லக்கூடிய மனிதர் லண்டன் லூயிஷாமில் இவர் ஒருவர்தான். காரின் குறையைக் கார் கேட்கச் சொல்லக்கூடாது என்பது அண்ணையின் சட்டம். உள்ளே இருந்துகொண்டு யாராவது வாய் தவறி, "என்னண்ணை, ஏதோ கடகடக்குது?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "சீச்சீ, அது றோட்டுச் சத்தம்" என்று ஒரு முறைப்பு முறைப்பார். பிறகு ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுப்பார்.

எண்பத்துநாலில் வந்திறங்கிய நாள் தொட்டு எத்தனையோ கார்களைக் கட்டி மேய்த்துவிட்டார். ஆகவே, கார் வாங்கப் போகும் எங்கள் ஆட்கள் எல்லோரும் முதலில் அவர் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். கொம்பனிப் பெயர் அவர் வாயில் வராது. நாட்டைச் சொல்லித்தான் தீர்ப்பு வழங்குவார்.

"இத்தாலிக்காரன் நல்ல வடிவன். ஆனா இந்த ஊர் மழை அவனுக்கு ஒத்துவராது, கதவடியாலை கரைஞ்சு போவான். பிரெஞ்சுக்காரன்ரை சீற்றிலை இருந்தால் எழும்ப மனம் வராது. ஆனா லைற்றைப் போட்டால் வைப்பர் ஆடும். ஜேர்மன்காரன் லேசிலை பழுதாகான். பழுதானானோ, எங்களாலை ஏலாது."

"ஜப்பான்காரன் எப்பிடி அண்ணை?"

அண்ணையின் முகம் வாடிப்போகும். "அவன் பழுதாகவே மாட்டான். அவனோடை என்னத்தைக் கதைக்கிறது?"

வந்தவர்களையெல்லாம் ஜப்பான் கார் வாங்க வைத்த அந்த மனிதர், தான் வைத்திருந்தது மட்டும் இந்தப் பச்சை நிற ஆங்கிலேயக் கிழவனை. குளிர்காலக் காலைகளில் அவனைத் தள்ளித் தள்ளித்தான் எங்கள் தெரு ஆண்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டோம். எனக்கு இடுப்புப் பிடிப்பு வந்ததும் அப்படித்தான்.

வாங்கிய கையோடு கிழவனைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஐயர் தேங்காய் உடைத்து, காரின் நாலு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்து, "இனி எடுங்கோ" என்றார். சாவியைத் திருப்பினால் மூச்சுப் பேச்சில்லை. அண்ணையின் மனைவி சந்திரவதனா அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். பூசைக்கு வந்த சனமெல்லாம் "அரோகரா!" என்று பின்னால் நின்று தள்ளியது. தேர் இழுத்த களைப்போடு எல்லோரும் மூச்சு வாங்க, அண்ணை பெருமையாகச் சொன்னார்: "பாத்தியளோ, சாமிக்கு முன்னாலை உறுமக்கூடாதெண்டு அதுக்குத் தெரிஞ்சிருக்கு!"

போன தை மாதத்தோடு அந்தச் சிரிப்பெல்லாம் நின்றது. அக்காவுக்கு ஆஸ்பத்திரிக் குசினியில் விடிகாலை ஷிப்ட். பஸ்ஸை நம்பினால் நேரத்துக்குப் போக முடியாது. சட்டி கழுவிக் கழுவி, இப்போதுதான் சமைக்கும் இடத்துக்கு உயர்ந்திருந்தார். பச்சைக் கிழவன் படுத்துவிட்டதால் இரண்டு தடவை பிந்திப் போனார். இன்னொரு தடவை பிந்தினால் வர வேண்டாம் என்று மேற்பார்வைக்காரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அன்று அக்கா அழுது வீங்கிய கண்களோடு வந்தார்.

அக்கா தபால் பெட்டிவரைக்கும் நடக்கவில்லை. காருக்கு முன்னாலேயே நின்று, தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

"இந்தப் பழஞ்சாமானாலை என்ரை வேலை போகப்போகுது. உங்களுக்கு நான் வேணுமோ, இது வேணுமோ?"

"இஞ்சாரும், மெல்ல... உள்ளை வாரும், கதைப்பம்..."

"கேக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்!"

அந்தக் கிழமையே ஜப்பான் கார் வந்தது, பால் வெள்ளை நிறத்தில். கோயிலில் அது தேசிக்காய்களை நசுக்கிப் பாய்ந்த வேகத்தில் ஐயரே துள்ளி விலகினார். பச்சைக் கிழவனை விற்பது பற்றி அண்ணையும் பேசவில்லை, அக்காவும் கேட்கவில்லை. வெள்ளைக் காருக்கு நேர் பின்னாலேயே அவன் நின்றான்.

திங்கட்கிழமை விடிகாலை, உறைபனி. தள்ள வேண்டியிருக்கும் என்ற பழக்கதோஷத்தில் நானும் தொப்பியோடு வெளியே வந்துவிட்டேன். அக்கா வெள்ளைக் காரில் ஏறி, பிள்ளையாரே என்று சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. கார் உயிர் பெற்றது.

"பாத்தியளோ அப்பா! பாத்தியளோ!" அக்கா கண்ணாடியை இறக்கி அண்ணையைப் பார்த்துக் கூவினார்.

"ஓம், ஓம். கெதியாப் போம், பிந்தப்போகுது," என்று அண்ணை தாழ்ந்த குரலில் சொன்னார். அக்காவின் வேலை தப்பியதில் அவர் முகமும் மலர்ந்துதான் இருந்தது. ஆனால் அங்கே நிற்கவில்லை. விறுவிறுவென்று பின்னால் நடந்தார். பச்சைக் காரின் முன்விளக்குகளுக்கு முதுகைக் காட்டி நின்று, தன் குளிர்க்கோட்டின் இரண்டு பக்கத்தையும் கைகளால் அகல விரித்து, வெள்ளைக் கார் மூலையில் திரும்பி மறையும்வரை கிழவனின் பார்வையை அப்படியே மறைத்துக்கொண்டு நின்றார்.