நாலாவது கை

மூளை எங்கேயிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, நான் பிறக்கும் முன்பே எங்கள் வீட்டில் விடை சொல்லி முடித்தாகிவிட்டது. சொன்னவர் ஐயா, என் தகப்பன். மூளை ஆண்வழியாக இறங்கும். முதுசக் காணி இறங்குவதுபோலத் தகப்பனிடமிருந்து மகனுக்கு, அவனிடமிருந்து அவன் மகனுக்கு. பெண்களுக்கு இறங்குவது கைப்பக்குவமும் வாயும்தானாம். அம்மா இதைக் கேட்டும் கேளாதவள்போல அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். எனக்கோ உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

ஐயா மலாயாவில் ரயில்வே கந்தோரில் வேலை பார்த்து, முப்பதுகளின் தொடக்கத்தில் பென்சனோடு ஊருக்குத் திரும்பியவர். வலிகாமத்தில் எங்கள் கிராமத்தில் அப்படித் திரும்பியவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களிடம் அபிப்பிராயங்கள் தாராளமாக இருந்தன. செய்வதற்கு வேலைதான் இருக்கவில்லை. காலையில் பத்திரிகை, மத்தியானம் நித்திரை, ஞாயிறு பின்னேரம் எங்கள் விறாந்தையில் கடதாசி விளையாட்டு. கடதாசி என்றால் சீட்டு. அதிலும் முந்நூற்றுநாலு என்ற ஆட்டம் ஒன்றுதான் ஆட்டம், மற்றதெல்லாம் சின்னப்பிள்ளைகளுக்கு. அதை ஆட நாலு பேர் வேண்டும். எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு பக்கம். விழுந்த தாள்களை ஞாபகம் வைத்திருக்காதவன் அந்த மேசைக்கு வரவே கூடாது.

ஐயாவின் சித்தாந்தத்துக்கு முதல் எதிரி என் அண்ணை. அவனைவிட நல்ல மனிதனை நான் இன்றுவரை கண்டதில்லை. மாட்டைத் தொட்டாலே அதற்கு எங்கே நோகிறதென்று சொல்லிவிடுவான். ஆனால் கணக்கு என்றால் அவனுக்குக் காய்ச்சல் வரும். ஐயா அவனுக்கு வீட்டுக்கே ஒரு வாத்தியாரை வரவழைத்தார். வாத்தியார் கத்துவார், அண்ணை யன்னலால் மாட்டுக்கொட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பான், நான் பக்கத்துக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே விடையை முணுமுணுப்பேன். ஒருநாள் வாத்தியார் அதைக் கேட்டுவிட்டார். "உள்ளுக்கை இருக்கிற பிள்ளை சொன்னதுதான் சரி," என்று ஐயாவிடம் போட்டுடைத்தும் விட்டார்.

ஐயா அசரவில்லை. அண்ணைக்குள்ளே மூளை நித்திரை கொள்கிறது, காலம் வரும்போது எழும்பும் என்றார். எனக்கு எப்படிக் கணக்கு வந்தது என்பதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. தபாற்காரன் சிலவேளை பக்கத்து வீட்டில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவதில்லையா, அப்படியாம். அண்ணைக்கு வர வேண்டியது தவறுதலாக என்னிடம் வந்து கிடக்கிறதாம். நானும் அதைத் திருப்பிக் கொடுக்க வழி தேடினேன். அண்ணைக்கு வாங்கிக்கொள்ள விருப்பமில்லை.

அம்மாவின் ஊர் கொடிகாமம். அவளுக்கு மூன்று அண்ணன்மார். மூவரும் கடதாசிப் பைத்தியங்கள். மூன்று பேரால் முந்நூற்றுநாலு ஆட முடியாது. ஒவ்வொரு நாளும் நாலாவது ஆளுக்கு ஊரெல்லாம் அலைந்து களைத்துப்போய், கடைசியில் சட்டை போட்டுத் திரிந்த தங்கச்சியைப் பிடித்து இருத்திவிட்டார்கள். வயது ஏழோ எட்டோ. கையில் தாள்கள் அடங்காதாம். மடியில் விரித்து வைத்துத்தான் ஆடினாளாம். பிழை விட்டால் அண்ணன்மார் தலையில் குட்டுவார்கள். சில வருடங்களில் குட்டும் உரிமை அவள் கைக்கு வந்துவிட்டது.

விடுமுறைக்கு நாங்கள் கொடிகாமம் போகும்போதெல்லாம் அம்மா பழையபடி அந்த இடத்தில் போய் இருந்துவிடுவாள். பிறகு சின்ன மாமாவுக்குக் கொழும்பில் உத்தியோகம் கிடைத்தது. மறுபடி ஒரு கை குறைந்தது. இம்முறை பிடித்து இருத்தப்பட்டவள் நான். எனக்கு யாரும் எதையும் படிப்பிக்கவில்லை. குட்டு மட்டும் தாராளமாகக் கிடைத்தது. பெரிய மாமாவின் குட்டுக்குப் பயந்தே எந்தத் தாள் விழுந்தது, எது விழவில்லை என்று மனசுக்குள் அடுக்கி வைக்கப் பழகினேன்.

இதெல்லாம் ஐயாவுக்குத் தெரியாது. நாங்கள் ஊரில் இருக்க, அவர் மலாயாவில் தனியே இருந்த காலத்துச் சங்கதி. திரும்பி வந்த பிறகு ஏன் சொல்லவில்லை என்று அம்மாவை நான் கேட்டதுண்டு. "அவர் கேக்கேல்லை," என்றாள்.

எனக்குப் பதினாறு வயதானபோது பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு முடிந்துவிட்டது. கணக்கு முடிகிற சாமானா? அங்கே அதற்கு மேலே படிப்பிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். எங்கள் தலைமையாசிரியை, கோபம் வந்தால் மட்டும் தமிழ் கதைக்கிற வெள்ளைக்கார அம்மா, ஆண்கள் கல்லூரியில் பேசி எனக்கு அனுமதி வாங்கிவிட்டார். கணக்குப் பாடத்துக்கு மட்டும் அங்கே போய் வரலாம். வீட்டில் ஓம் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதற்கு அவர் தந்த தவணை, அடுத்த திங்கட்கிழமை.

ஐயா ஓம் சொல்லவில்லை. ஊர் என்ன சொல்லும் என்றுகூட அவர் கேட்கவில்லை; அதைக் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. "பிள்ளை, உது ஆம்பிளையளின்ரை கணக்கு. பொம்பிளைப்பிள்ளையின்ரை தலை தாங்காது. தலையிடி வரும்," என்றார் அன்பாக. அன்பாகச் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. ஒரு கிழமை முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அந்த ஞாயிறு கார்த்திகை மழை ஊரைப் பிடித்து ஆட்டியது. ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம். பெரிய மாமா மட்டும் காலை ரயிலில் ஒரு பலாப்பழத்தோடு வந்து சேர்ந்திருந்தார். மற்ற இரண்டு பென்சன்காரர்களும் வரவில்லை. ஐயா விறாந்தைக்கும் படலைக்கும் குடை பிடித்து நடந்தார். சீட்டுக்கட்டைக் கலைத்தார், அடுக்கினார், பெருமூச்சு விட்டார்.

"ரெண்டு கை குறையுது, மச்சான்," என்றார்.

மாமா பல் குத்திக்கொண்டே, "தங்கச்சியையும் பெட்டையையும் கூப்பிடன்," என்றார்.

ஐயா சிரித்த சிரிப்பில் மாட்டுக்கொட்டிலில் நின்ற அண்ணையே எட்டிப் பார்த்தான். "உவையளோ? உவையளுக்கு ஆட்டின் எது, இஸ்பேட்டு எது எண்டு தாள் பாக்கத் தெரியுமோ?"

எனக்குள்ளே ஒரு கிழமையாகக் கொதித்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. "ஐயா, நானும் அம்மாவும் ஒரு பக்கம். நீங்களும் மாமாவும் ஒரு பக்கம். நாங்கள் வெண்டால் நாளைக்கு நான் படிக்கப் போவன்."

"தோத்தால்?"

"தலையிடி எண்டு வீட்டிலை இருப்பன்."

"சரி," என்றார் ஐயா. வெல்வதில் அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

அம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சீட்டுக்கட்டை வாங்கி, இரண்டாகப் பிரித்து, ஒரு முறை கலைத்தாள். தாள்கள் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று போய் அமர்ந்தன. ஐயா அந்தக் கைகளைப் பார்த்தபடியே இருந்தார். கலியாணமாகிப் பதினெட்டு வருடம் கழித்து, தனக்குச் சோறு போட்ட கைகளை அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறவர்போல இருந்தது அவர் முகம். மாமா பல்லைக் குத்துவதை நிறுத்திவிட்டு மழையை இரசித்தார்.

தோற்கிற பக்கம் காதில் பலாவிலைத் தோடு போட வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. முதல் ஆட்டத்தில் எனக்கும் அம்மாவுக்கும் தோடு விழுந்தது. நான் அவசரப்பட்டு ஒரு தாளை முன்னுக்கே இறக்கியதுதான் காரணம். இரண்டாவதில் ஐயாவின் காதிலும் மாமாவின் காதிலும் இலை ஆடியது. மூன்றாவதோடு தீர்ப்பு.

மூன்றாவது ஆட்டத்தில் ஐயா பெரிய தொகை கேட்டுவிட்டார். அந்தத் தொகைக்குத் தாள் பிடித்தால் அவர் பக்கம் வெற்றி. கொஞ்சம் குறைந்தாலும் எங்கள் பக்கம். தாள்கள் விழ விழ நான் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். கடைசியில் ஆளுக்கு இரண்டு தாள் மிஞ்சியது. துரும்பெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. இறங்க வேண்டியது நான். என் கையில் டைமனில் ஒரு பத்து, இஸ்பேட்டில் ஒரு ஏழு. பத்துக்குப் பெறுமதி உண்டு. ஏழு வெறும் சக்கை.

இந்த ஆட்டத்தில் ராசாவுக்கும் ராணிக்கும் பெரிய மதிப்பில்லை. ஜாக்கிதான் எல்லாருக்கும் மேலே, அடுத்தது ஒன்பது. இஸ்பேட்டில் ஜாக்கியும் ஒன்பதும் இன்னும் விழவில்லை. ஜாக்கி யாரிடம்? ஐயாவிடம் இருந்திருந்தால் அவர் இன்னும் ஏற்றிக் கேட்டிருப்பார். அடக்கி வாசிக்கிற மனிதர் இல்லை அவர். மாமாவிடம் இருந்திருந்தால் மீசையைத் தடவியிருப்பார். அந்த மீசையைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். மாமாவின் கை மீசைப் பக்கமே போகவில்லை. அப்படியென்றால் ஜாக்கி எனக்கு எதிரே, மடியில் விழுந்த முருங்கையிலையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம்.

நான் ஏழை இறக்கினேன்.

ஐயா, "பாவம் பிள்ளை, பிழையாய் இறக்கிப்போட்டாய்," என்று ஒன்பதைப் போட்டார். அம்மா அதன்மேல் ஜாக்கியை வைத்தாள். ஓங்கி அடிக்கவில்லை. விளக்கேற்றி வைப்பதுபோல மெல்ல வைத்தாள். அந்த ஒரு பிடியோடு ஐயா கேட்ட தொகைக்குத் தாள் போதாமல் போயிற்று.

ஐயாவின் முகத்தில் ஈயாடவில்லை. "இஸ்பேட்டு ஜாக்கி அப்பவே விழுந்ததெல்லோ?" என்றார். மாமா பழைய இலையைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைத் தன் காதில் செருகிக்கொண்டார். இன்னொன்றை ஐயாவுக்கு நீட்டினார். அண்ணை மழையில் நின்றபடியே கைதட்டினான்.

ஐயா இலையை மாட்டிக்கொண்டார். பிறகு முகம் மலர்ந்தது. "பாத்தியே மச்சான், எங்கடை பரம்பரை மூளை! எப்பிடி வேலை செய்யுது பாத்தியே!"

அம்மா கேட்டாள்: "அப்ப, இஞ்சருங்கோ, நான் வைச்ச ஜாக்கி ஆரின்ரை பரம்பரை?"

மாமா சிரித்த சிரிப்பில் அவர் இருந்த கதிரை ஆட்டம் கண்டது. ஐயாவும் சிரித்துவிட்டார். அவரிடம் ஆயிரம் குறை சொல்வேன், ஆனால் சொன்ன வாக்கை மாற்ற மாட்டார். தோடும் காதுமாக எழுந்து போய், மறுநாளைக்கு மாட்டு வண்டில் கட்டும்படி அண்ணையிடம் சொன்னார். அண்ணைக்குத்தான் அன்று பெரிய லாபம். என்னை ஏற்றி இறக்குவது இனி அவன் வேலை. அவனுடைய கணக்கு வாத்தியாரும் அத்தோடு நின்றார்.

பிற்காலத்தில் நான் நிறையப் பேருக்குக் கணக்குப் படிப்பித்தேன். மூளை பிறப்பிலா வளர்ப்பிலா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எனக்கு இன்றும் தெரியாது. பிறப்பென்றால் எனக்கும் அண்ணைக்கும் தாய் தகப்பன் ஒன்றுதான். வளர்ப்பென்றால் வாத்தியார் வைத்து வளர்த்தது அவனை, தேங்காய் துருவ விட்டது என்னை. ஆனால் ஒன்று மட்டும் சொல்வேன். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் மேசையில் முதலே இடம் பிடித்து இருந்துகொண்டு கேட்கிறவர்கள். எழும்பி நிற்கிறவளைப் பார்த்து, உனக்கு ஆடத் தெரியுமா என்பார்கள். இருத்திப் பார்த்தால்தானே தெரியும்?

திங்கட்கிழமை பின்னேரம் நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது அம்மா குசினியில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். நான் புத்தகங்களைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அங்கை எத்தினை பேர்?" என்றாள்.

"வகுப்பு நிறையப் பெடியள், அம்மா."

"ஒரு கை குறைஞ்சு கிடந்ததோ?"

"இல்லை. பெடியள் இருக்கிற வாங்கு ஒண்டிலும் இருக்க இடமில்லை. வேறை அறையிலையிருந்து எனக்கெண்டு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டவை."

அம்மாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கை குறையாமலே உன்னை இருத்தினவையோ?" என்றாள்.

ஓம் என்றேன். அவள் மறுபடியும் அதையே கேட்டாள். நான் மறுபடியும் ஓம் என்றேன்.