பேரி மரமும் பிஷப் டில்லார்டும்

என் தம்பி அம்புரோஸ் டில்லார்டுக்கு உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் எழுந்துவிட வேண்டும். துணிக்கடைக்காரர் மகன். பிரபு வீட்டுப் பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்தப் பிரபுவின் தயவில் ஓர் ஊர்ச் சர்ச்சின் குருவானவர் ஆனான். பிறகு இன்னும் பெரிய ஊர், அதற்கப்புறம் வேல்ஸ் கரையில் ஓர் ஏழைத் திருமண்டலத்துக்கு பிஷப். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டது நான்தான். போன இடமெல்லாம் தோட்டச் சுவரோரம் ஒரு பேரிக் கன்று நட்டேன். ஒன்றிலாவது ஒரு பழம் தின்றேனா? கன்று தோள் உயரம் வருவதற்குள் பெட்டி கட்டச் சொல்லிவிடுவான்.

வேல்ஸ் வீட்டில் பெட்டிகளை அவிழ்க்கவே விடவில்லை.

"எதுக்கு அக்கா அவிழ்க்கணும்? மறுபடி கட்டத்தானே போற."

"அப்ப நான் பெட்டிக்குள்ளயே படுத்துக்கறேன், போடா."

பணக்காரத் திருமண்டலம் கிடைக்க அங்கே இருக்கும் பிஷப் சாக வேண்டும். செத்தார் என்றதும் லண்டனில், பிஷப்பை நியமிக்கும் மந்திரியின் வாசலில் முந்திப் போய் நிற்பவனுக்குத்தான் அதிர்ஷ்டம். அதனால் எங்கள் பிஷப்மார் ஒருவர் இருமலை ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். ஆற்றங்கரையில் இருந்த ஒரு பணக்காரத் திருமண்டலத்தின் கிழட்டு பிஷப் மார்ச் மாதம் நோயில் படுத்தார். போய்விட்டார் என்று வண்டிக்காரன் ஒருவன் சொன்னதும், தம்பி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கிளம்பினான். சேற்றிலும் மழையிலும் குதிரை மாற்றி மாற்றி லண்டனுக்குப் போனான்.

மந்திரி வீட்டு முன்னறையில், கணப்புக்குப் பக்கத்தில், கம்பளி போர்த்திக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தாராம் செத்துப்போன அந்தக் கிழவர்.

"வாங்க டில்லார்டு. என் நாற்காலிதானே வேணும்? இன்னும் சூடா இருக்கு, கொஞ்சம் பொறுங்க."

அறையே சிரித்ததாம். திரும்பி வந்தவன் தொப்பியைக்கூடக் கழற்றாமல், "பெட்டியை அவிழ்த்துடு அக்கா. உன் மரத்தை நட்டுக்கோ," என்றான். எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

நட்டேன். ஆனால் அவன் அடங்கினானா? மரத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பான், வெளியே சக்கரச் சத்தம் கேட்டால் நின்றுவிடுவான். கோடையில் மலைக் கிராமங்களுக்குப் போய், வரிசையாக முழங்காலிட்ட பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஜெபிக்கும்போதுகூட, கண் லண்டன் சாலையில் இருக்கும். ஆறு வருடம் இப்படியே போனது.

ஏழாம் வசந்தத்தில் மரம் பூத்தது. அதே வாரம் தம்பி படுத்துவிட்டான். இருமலில் ரத்தம் வந்தது. ஒரு நாள் வாசலில் வண்டி நின்றது. யாரோ ஒரு பிஷப்பிடம் வேலை பார்க்கும் குருவானவர், நலம் விசாரிக்க வந்தாராம். விசாரித்துக்கொண்டே ஜன்னல் திரையைத் தடவிப் பார்க்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு அக்கா அது?" என்றான் தம்பி படுக்கையிலிருந்து.

"உன் நாற்காலிக்கு அளவெடுக்க வந்திருக்காங்கடா."

அவன் சிரித்தான். இருமலோடு சிரித்தான். பிஷப்மார் தலையில் வைக்கும் பொய்முடியையும் வெள்ளை அங்கியையும் கொண்டுவரச் சொல்லிப் போட்டுக்கொண்டான். இரண்டு ஆட்களை வைத்துத் தூக்கிக்கொண்டு போய் அவனை மரத்தடியில் உட்கார வைத்தோம். குருவானவர் குனிந்து வணங்கினார்.

"உங்க பிஷப்கிட்ட சொல்லுங்க," என்றான் தம்பி. "இந்த மரம் காய்ச்சுப் பழுக்கறவரைக்கும் நான் எங்கேயும் போறதா இல்லே."

வாழ்நாளில் முதல்முறையாக அப்படிச் சொன்னான். நான் அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதேன்.

ஜூலையில் போய்விட்டான். பேரிக்காய்கள் அப்போது கட்டைவிரல் பருமன்தான். வீடு திருச்சபையுடையது, நான் காலி செய்தாக வேண்டும்; புது பிஷப்பின் சாமான் வண்டிகள் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். நான் ஏணி போட்டு ஏறி, எட்டாத கிளையைக் கொம்பால் உலுக்கி, அத்தனை காயையும் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டேன். வாடகை அறையில் அவற்றைத் தேன் விட்டு வேகவைத்தேன். வெந்தும் கட்டைபோல் கடினமாகத்தான் இருந்தன. ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் தின்றேன்.