கீழே பிடிக்கிற ஆள்

மீன் நிறுக்கும் தராசின் கொக்கியில் ஒரு பச்சைக் கூடை தொங்கும். கூடைக்குள் ஒரு மரக் கார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தராசு முள்ளை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நிற்பார் எங்கள் பாடசாலை ஆசிரியர், சேர். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த நிற்பு. கற்பிட்டிப் பக்கம் எங்கள் கடலோரப் பாடசாலை மைதானத்தில் இளைஞர் கழகம் வருடாவருடம் நடத்தும் மரக் கார் ஓட்டப் போட்டிக்கு அவர்தான் தலைமை நடுவர். ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுவது என் வேலை. பெரிய குரல் என்பதால் கிடைத்த பதவி அது. வேறு தகுதி எதையும் யாரும் பார்க்கவில்லை.

சேர் தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து ஒரேயொரு பையோடு புத்தளத்துக்கு வந்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மனுசன், சட்டத்தை மட்டும் மறக்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவர் முகம் மாறாது. கழகம் கொடுக்கும் கட்டையில்தான் கார் செய்ய வேண்டும், கழகம் கொடுக்கும் சக்கரங்களைத்தான் பூட்ட வேண்டும், பிள்ளை தன் கையாலேயே செதுக்க வேண்டும். ஒரு காரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது வாப்பாட கை" என்று திருப்பிக் கொடுத்தால் அதற்குமேல் கதையே இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கார் வேகமாய் ஓடட்டும் என்று வலையில் கட்டுகிற ஈயத்தை அதன் அடியில் ஆணியடித்துக்கொண்டு வருவார்கள். எடை கூடினால் குறட்டைக் கையில் கொடுத்து அந்த இடத்திலேயே கழற்ற வைப்பார்.

கடைசிச் சட்டம்தான் விசேஷம். சரிவுப் பலகையில் நான்கு பாதைகள். மேலே கார்களைத் தடுத்து நிற்கும் நெம்பைச் சேர் தட்டினால் நான்கு கார்களும் ஒன்றாய்ப் பாயும். முடிவுக் கோட்டுக்கு அப்பால் பலகை ஒரு முழம்தான், பிறகு மணல். பிடிக்க ஆளில்லாவிட்டால் கார் பறந்துபோய் மணலில் மூக்குக் குத்தும். முதல் வருடம் அப்படிக் குத்தி உடைந்த கார் யாருடையது என்று இரண்டு உம்மாமார் மைதானத்திலேயே மல்லுக்கு நின்றார்கள். அதன் பிறகு சேர் சட்டம் போட்டார்: ஒவ்வொரு பாதையின் கீழேயும் அந்தப் பிள்ளையின் வீட்டாள் ஒருவர் குந்தியிருந்து காரைப் பிடிக்க வேண்டும். அயலவரோ கூட்டாளியோ கூடாது. பெயரை முன்னரே சொல்லிவிட வேண்டும். நான் மூன்று தரம் கூப்பிடுவேன். வராவிட்டால் காரை எடுத்துவிடுவார்கள்.

ஒரு வருடம் ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று காரோடு வந்து நின்றது. அவளுடைய வாப்பா சில மாதங்களுக்கு முன் தனியாகக் கடலுக்குப் போனவர். படகு மட்டும் மிதந்து கிடந்து, பார்த்தவர்கள் இழுத்து வந்தார்கள். வலை இருந்தது, செருப்பு இருந்தது, கட்டு அவிழ்க்காத சோற்றுப் பார்சல் இருந்தது. ஆள் இல்லை. புருசன் மௌத்தானால் பெண் வெள்ளை உடுத்து, வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் உம்மா இருக்க மறுத்துவிட்டாள். பள்ளிவாசல் பெரியவர்களே பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள், ஆனாலும் ஊர் வாய் சும்மா இருக்குமா? "அவங்க வந்து கதவத் தட்டக்குள்ள நான் வெள்ளையோட போய்த் திறக்கவா?" என்று ஒருநாள் கடை வாசலில் வைத்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். பிறகு யாரும் அவள் முகத்துக்கு நேரே அந்தக் கதையை எடுக்கவில்லை.

ஆள் திரும்பாத படகின் வலையை எங்கள் கரையில் மறுபடி கடலில் போட மாட்டார்கள். விற்கவும் மாட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் குவித்துவிடுவார்கள், அது வெயிலில் வெளிறிக்கொண்டு கிடக்கும். கோழிகூட அதில் ஏறாமல் பார்த்துக்கொள்வார்கள். சேர் அவள் காரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஈயம் எங்கால, பிள்ளை?" என்று கேட்டார்.

"வாப்பாட வலையில அறுத்த, சேர்."

பக்கத்தில் நின்ற பிள்ளைகள் விலகிப் போனார்கள். சேர் காரைக் கூடையில் வைத்து நிறுத்தார். எடை சரி. "கீழ பிடிக்கிறது ஆர்?"

"வாப்பா."

"உம்மாட பேரச் சொல்லு, மகள்."

"இல்ல, சேர். வாப்பாதான். கூப்பிட்டா வருவாங்க."

சேர் என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கேயோ பார்த்தேன். "வீட்டாள் ஒருத்தர் எண்டுதானே சட்டம்? கூப்பிடுங்க டீச்சர். வராட்டி எடுப்பம்" என்றார். சட்டப்படி பேசுவதுபோல் பேசினார். அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே "உன் வாப்பா வரமாட்டார்" என்று சொல்லத் தைரியமில்லாமல் என் தலையில் கட்டுகிறார் என்று எனக்குக் கோபமாக வந்தது.

காற்றுக் காலம் அது. போட்டியன்று காலையிலிருந்தே மணல் கண்ணில் அடித்தது. கரையோரக் காற்றாலைகள் பேய் பிடித்தமாதிரிச் சுற்றின. அவளுடைய முறை வந்தது. முதல் மூன்று பாதைக்கும் ஆட்கள் வந்து குந்திவிட்டார்கள். நான் ஒலிபெருக்கியை எடுத்து, கடலில் காணாமல் போன ஒருவருடைய பெயரை முழு ஊருக்கும் கேட்கக் கூப்பிட்டேன். வேலியோரம் அவளுடைய உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இரண்டாம் தரம் கூப்பிட்டேன். காற்று விழுந்துவிட்டது. அந்தப் பருவத்தில் நடுப்பகலில் காற்று விழுந்து நான் கண்டதில்லை. தூரத்தில் காற்றாலைகளின் கைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. யாரும் வரவில்லை. அந்தப் பிள்ளையோ சரிவின் உச்சியில் நின்று, நாலாவது பாதையின் அடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

காரை எடுக்கச் சொல்வார் என்று சேரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கீழே பார்த்தார், விரலை அசைத்து எண்ணினார், நெம்பைத் தட்டினார்.

நான்கு கார்களும் வந்தன. மூன்றை மூன்று பேர் பிடித்தார்கள். நாலாவது கார் கோட்டைத் தாண்டியது. தாண்டி, அந்த ஒரு முழப் பலகையின் நடுவில் நின்றது. வேகம் குறைந்து நிற்கவில்லை, கைக்குள் வந்து விழுந்ததுபோல் நின்றது. பின்சக்கரங்கள் மட்டும் பலகையை விட்டுச் சற்று எழும்பி இறங்கியதை நான் என் கண்ணால் கண்டேன். மூன்றாம் பாதையில் குந்தியிருந்தவர் எழும்பிச் சாரனைத் தட்டிக்கொண்டு நடந்தவர், நடந்தவர்தான். தன் மகன் முதலாவதாய் வந்ததைக்கூட நின்று கேட்கவில்லை. "புடிச்சிட்டாங்க! வாப்பா புடிச்சிட்டாங்க!" என்று அந்தப் பிள்ளை கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அப்படி ஒரு சந்தோசத்தை நான் எந்தப் பிள்ளையின் முகத்திலும் பார்த்ததில்லை.

அவளுடைய உம்மா வேலியைத் தாண்டி வந்தாள். பலகையில் நின்ற காரைப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம், ஒரு சுவடும் இல்லாமல் கிடந்த மணலைப் பார்த்தாள். மகள் அவள் கையைப் பிடித்துக் குதித்தாள். உம்மா குனிந்து, மெதுவாகத்தான் சொன்னாள்:

"உசிரோட இருந்தா நடந்து வந்திருப்பாங்க, மவள். எல்லாரும் பாக்க வந்திருப்பாங்க."

குதித்துக்கொண்டிருந்த பிள்ளை அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். பிற்பகல் அசர் பாங்குக்கு முன் செய்தி வந்தது, உம்மா வெள்ளை உடுத்துவிட்டாள் என்று. ஊர் எவ்வளவு சொல்லியும் கேட்காதவள். நான் ஒலிபெருக்கி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அதைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். கூப்பிட்டது நான்தானே.

பலகையைக் கழற்ற ஆட்கள் வரும்வரை சேர் அந்தக் காரைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். விட்ட ஒவ்வொரு தரமும் அது பாய்ந்துபோய் மணலில் விழுந்தது. காற்றும் மறுபடி அடிக்கத் தொடங்கியிருந்தது. "ஆளில்லாமல் ஏன் சேர் தட்டினீங்க?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் காரிலிருந்த மணலைத் சட்டைப்பையிலிருந்த லேஞ்சியால் துடைத்தார்.

"நான் எண்ணித்தானே டீச்சர் தட்டினன்? நாலு பேர் குந்தி இருந்தாங்க."

அதன் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவே இல்லை. ஆனால் அடுத்த வருடம் ஒரு சட்டத்தைச் சேர்த்தார். நடுவர் கண்ணால் எண்ணுவது போதாது, கீழே குந்தியிருப்பவர் ஒவ்வொருவரும் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். பாதுகாப்புக்காக என்று புதிதாய் வருகிறவர்கள் நினைக்கிறார்கள். சேர் இப்போது இல்லை. நோயில் விழுந்து மௌத்தாகிவிட்டார். சட்டம் இருக்கிறது. புதிய நடுவர், துடியான பொடியன், "கையத் தூக்குங்க" என்று அதட்டும்போது எனக்கு முதுகு சில்லிடும்.

அந்தப் பிள்ளை இன்று பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவளுடைய வாப்பா மௌத்தான நாள் எதுவென்று யாருக்கும் தெரியாது. அதனால் போட்டி நடக்கிற நாளிலேயே அவர் பேரில் வருடக் கத்தம் ஓதி ஊருக்குச் சோறு கொடுக்கிறார்கள். மைதானத்தில் வேலை முடிந்ததும் நான் நேரே அங்கேதான் போவேன். பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். அவளுடைய உம்மா என் பக்கத்தில் வந்து குந்துவாள். நான் சோற்றில் கை வைக்குமுன் ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"இண்டைக்குக் கீழ ஆராவது கூடுதலா இருந்தாங்களா, டீச்சர்?"

இல்லை என்பேன். ஒரு மூச்சை விட்டு எழும்பி, அடுத்தவருக்குச் சோறு போடப் போய்விடுவாள். அவளுக்கு நான் சொல்லாதது ஒன்றுதான்: பெயரைக் கூப்பிட்டு முடித்ததும் நான் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறேன். அந்த வருடத்துக்குப் பிறகு ஒருதரமேனும் கீழே பார்த்ததில்லை.